படமும் ஓர் உரையே

லூயிஸ் கரோலின் 'ஆலிஸின் அற்புத உலகம்' ஒரு குறையோடு தொடங்குகிறது. ஆற்றங்கரையில் அக்காவுக்கு அருகே சலிப்புடன் உட்கார்ந்திருக்கும் ஆலிஸ், அக்காவின் கையிலிருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறாள். அதில் படமும் இல்லை, உரையாடலும் இல்லை. இவை இரண்டும் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் செய்வார் என்று அவளுக்கு விளங்கவில்லை. இதை ஏழு வயதுப் பிள்ளையின் பேச்சென்று சிரித்துவிட்டு நாம் முயல் வளைக்குள் இறங்கிவிடுகிறோம். ஆனால் கரோல் தான் எழுதப்போகும் நூலின் இலக்கணத்தை அந்த ஒரு வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார் என்பது நம் கருத்து. உரையாடலும் படமும் அந்த நூலின் இரண்டு தூண்கள். உரையாடலைப் பற்றித் தர்க்கவியலாளர்களும் மொழியியலாளர்களும் நூலகம் நிறையுமளவுக்கு எழுதியிருக்கிறார்கள். படத்தைப் பற்றி மட்டும், குறிப்பாக நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள், கட்டுரையின் கடைசியில் 'ஓவியங்கள் நூலுக்கு அழகு சேர்க்கின்றன' என்றொரு வரி எழுதிக் கடமையை முடித்துக்கொள்கிறோம். பாயசத்தில் போட்ட முந்திரிக்குக் கிடைக்கும் மரியாதைதான் ஓவியனுக்கும் கிடைக்கிறது.

இந்தக் கட்டுரையில் நாம் முன்வைக்க விரும்புவது வேறொரு பார்வை. கதைக்கு வரையப்படும் படம் ஓர் உரை. மூலத்தைப் படித்தவன், தான் படித்த விதத்தைக் கோடுகளால் எழுதிவைப்பது. உரை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் உரையாசிரியர்களிடம் நாம் கேட்கும் கேள்விகளையெல்லாம் ஓவியர்களிடமும் கேட்கலாம். மூலத்தை ஊன்றிப் படித்தாரா? மூலம் சொல்லாமல் விட்டதைச் சொன்னாரா? மூலத்தோடு முரண்படுகிறார் என்றால் காரணத்தோடு முரண்படுகிறாரா? அல்லது முந்தைய உரையைப் பார்த்து எழுதினாரா? ஆலிஸ் கதைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரையப்பட்டுவரும் படங்கள் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த நல்ல சோதனைக்களம்.

*

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஆலிஸ் எப்படி இருப்பாள் என்று கரோல் எங்குமே விவரித்துச் சொல்வதில்லை. தன் தலைமுடி சுருள்சுருளாக இருப்பதில்லை என்று அவளே ஓரிடத்தில் நினைத்துக்கொள்கிறாள். அதை வெட்ட வேண்டும் என்று தொப்பிக்காரன் ஓரிடத்தில் சொல்கிறான். முகம், நிறம், உடை பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. கிரிஃபான் என்ற விலங்கு அறிமுகமாகும் இடத்தில் கரோல் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார். அது என்னவென்று தெரியாவிட்டால் படத்தைப் பார்த்துக்கொள்ளும்படி வாசகரிடம் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். வழக்கு விசாரணைக் காட்சியில் அரசர் நீதிபதியின் பொய்முடிக்கு மேல் கிரீடத்தை எப்படி வைத்திருந்தார் என்பதற்கும் நூலின் முகப்புப் படத்தையே கைகாட்டுகிறார். சுண்டெலி சொல்லும் சோகக் கதையோ எலியின் வால்போலவே வளைந்து நெளிந்து, எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்படி அச்சிடப்பட்டிருக்கிறது. அங்கே சொல்லே படமாகிவிடுகிறது. ஆக, இந்தப் பிரதி படத்துக்கென்று இடம் ஒதுக்கி எழுதப்பட்ட பிரதி. படங்களை எடுத்துவிட்டு வெறும் சொற்களை மட்டும் அச்சிட்டால் நமக்குக் கிடைப்பது குறைப்பிரதியே.

இதில் வியப்பில்லை. கரோலே முதல் ஓவியர். 1862 ஜூலை 4 அன்று தேம்ஸ் நதியில் படகில் போகும்போது லிடெல் குடும்பத்துச் சிறுமியர் மூவருக்குச் சொன்ன கதையை, ஆக்ஸ்ஃபோர்டின் கணித ஆசிரியரான சார்லஸ் டாட்ஜ்சன் (கரோலின் இயற்பெயர் அது) தன் கையாலேயே எழுதி, 37 படங்களையும் தானே வரைந்து, 1864 நவம்பரில் ஆலிஸ் லிடெலுக்குப் பரிசாகக் கொடுத்தார். 'பூமிக்கடியில் ஆலிஸின் சாகசங்கள்' என்ற பெயருடைய அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் படங்களில் கைத்தேர்ச்சி குறைவு. உடற்கூறு தப்புகிறது, கைகால்கள் பொருந்துவதில்லை. ஆனாலும் ஒரு படத்தை நம்மால் மறக்க முடிவதில்லை. முயலின் வீட்டுக்குள் ஆலிஸ் பெரிதாக வளர்ந்து அடைபடும் காட்சி. கரோல் அங்கே அறையையே வரையவில்லை. படத்தின் சட்டகத்துக்குள் ஆலிஸ் முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, இம்மியளவும் இடமின்றிச் சுருண்டு கிடக்கிறாள். சட்டகத்தின் கோடுகளே அறையின் சுவர்கள். தாளே அவளை நெருக்குகிறது. வளர்வது என்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு மூச்சுமுட்டும் அனுபவம் என்பதைத் தேர்ந்த ஓவியர் பலர் இதைவிடச் சிறப்பாகச் சொல்லிவிடவில்லை.

*

நூல் அச்சுக்குப் போகும் கட்டம் வந்தபோது கரோல் தேடிப்போனது ஜான் டென்னியலை. 'பஞ்ச்' இதழின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர். விலங்குகளுக்கு மனித உடை போட்டு, அவற்றைப் பாராளுமன்ற உறுப்பினர்களைப்போல நிமிர்ந்து நிற்கவைப்பதில் கைதேர்ந்தவர். 42 படங்களுக்கு 138 பவுண்டு ஊதியம். நூலை அச்சிடும் செலவு முழுவதும் கரோலுடையது என்பதால் இதுவும் அவர் பையிலிருந்தே போயிற்று. டென்னியல் பெட்டிமரக் கட்டைகளின்மீது பென்சிலால் வரைய, டால்ஸியெல் சகோதரர்களின் பட்டறை அவற்றைச் செதுக்கியது. அச்சுக்கு அந்தக் கட்டைகளை நேரடியாகப் பயன்படுத்தாமல், அவற்றிலிருந்து மின்முறையில் வார்த்தெடுத்த உலோகப் படிகளையே பயன்படுத்தினார்கள். அதனால்தான் 1985இல் ஒரு வங்கியின் காப்பறையில் அந்த மூலக்கட்டைகள் கண்டெடுக்கப்பட்டபோது நல்ல நிலையில் இருந்தன.

1865இல் முதல் பதிப்பாக 2000 படிகள் அச்சாயின. படங்கள் அச்சான விதம் தனக்குத் திருப்தியில்லை என்று டென்னியல் தெரிவித்தார். கரோல் அந்தப் பதிப்பையே நிறுத்திவிட்டு, ஏற்கெனவே நண்பர்களுக்குக் கொடுத்திருந்த படிகளையும் திரும்பக் கேட்டு வாங்கி, வேறோர் அச்சகத்தில் எல்லாவற்றையும் மீண்டும் அச்சிட்டார். நிராகரிக்கப்பட்ட தாள்கள் அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவருக்கு விற்கப்பட்டன. எழுத்துப்பிழைக்காக அல்ல, படத்தின் கோடு சரியாகப் பதியவில்லை என்பதற்காக, தன் கைக்காசைப் போட்ட எழுத்தாளர் ஒரு பதிப்பையே திரும்பப் பெற்ற நிகழ்ச்சி இது. படத்தை முந்திரியாக நினைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

டென்னியலின் உரை எங்கே உயர்ந்து நிற்கிறது? முதலாவது, அவரது சிரிக்காத முகம். அற்புத உலகத்தை அவர் அற்புதமாக வரையவில்லை. கோட்டும் கடிகாரமுமாக நிற்கும் முயலை, லண்டன் தெருவில் நிற்கும் ஒரு கனவானை வரையும் அதே அக்கறையோடு, அதே பொத்தான்களோடு, அதே நிழல்களோடு வரைகிறார். மிகையில்லாத இந்தக் கோடுதான் கரோலின் உரைநடைக்கு நேரான கோடு. கரோலும் அப்படித்தான் எழுதுகிறார். எவ்வளவு பைத்தியக்காரத்தனமான நிகழ்வையும் ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும் குரலில், நிதானம் தவறாமல் சொல்லிக்கொண்டு போகிறார். சொல்லும் குரல் பதறினால் கதை செத்துவிடும் என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, ஆலிஸின் முகம். டென்னியலின் ஆலிஸ் அநேகமாகச் சிரிப்பதேயில்லை. பூநாரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் முகத்தைப் பார்க்கும்போதும், தேநீர் மேசையில் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதும், அவள் முகத்தில் தெரிவது வியப்போ பயமோ அன்று. மரியாதை தெரியாதவர்கள் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு நாகரிகமான பெண்ணின் எரிச்சல். கதையின் உயிர்நாடி இதுதான் என்று நாம் நினைக்கிறோம். ஆலிஸ் அதிசயங்களைக் கண்டு வாய்பிளப்பவள் அல்லள். அவள் வாதிடுகிறாள், திருத்துகிறாள், ஏமாற்றுப் பேச்சைக் கண்டால் எழுந்து போகிறாள். கடைசியில் தண்டனை முதலில் தீர்ப்பு பிறகு என்ற அரச நீதியைச் சுத்தப் பிதற்றல் என்று சபையிலேயே சொல்லி, அவர்கள் வெறும் சீட்டுக்கட்டுதான் என்று அந்த உலகத்தையே கலைத்துவிடுகிறாள். அதிகாரத்தின் அபத்தத்தை அறிவால் எதிர்கொள்ளும் ஒரு சிறுமி, குழந்தை இலக்கியத்தில் இவளுக்குமுன் இப்படி வந்ததாக நமக்கு நினைவில்லை. அவள் முகத்தை எப்படி வரைவது என்பது ஆகவே அழகியல் சார்ந்த சில்லறை விஷயமன்று.

மூன்றாவது, டென்னியல் மூலத்தோடு சேர்த்தவை. தொப்பிக்காரனின் தொப்பியில் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று செருகியிருக்கும் விலைச்சீட்டு மூலத்தில் இல்லை. தன் தொப்பிகள் விற்பனைக்குரியவை என்று அவன் சொல்வதிலிருந்து ஓவியர் உருவாக்கிக்கொண்டது அது. பின்னாளில் 1890இல் சிறு குழந்தைகளுக்கென்று கரோல் இந்தக் கதையைச் சுருக்கி எழுதியபோது, அந்த விலைச்சீட்டைப் படத்தில் காட்டி விளக்கமும் சொன்னார். உரையாசிரியர் சேர்த்ததை மூலநூலாசிரியரே ஏற்றுக்கொண்ட அபூர்வ நிகழ்வு இது. சீமாட்டியின் கோர முகமோ, லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கும் குவென்டின் மாட்சிஸ் வரைந்த அருவருப்பான மூதாட்டியின் பதினாறாம் நூற்றாண்டு ஓவியத்தை அப்படியே நினைவூட்டுகிறது.

1871 கடைசியில் வெளியான 'கண்ணாடியின் ஊடே' நூலுக்கு டென்னியல் 50 படங்கள் வரைந்தார். அதில் குளவி வரும் ஒரு பகுதி தன் தூரிகைக்கு எட்டவில்லை, சுவைக்கவும் இல்லை என்று அவர் எழுதியதும், கரோல் அந்தப் பகுதியையே நீக்கினார். அதே நூலில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழையும் படம் தாளின் ஒரு பக்கத்திலும், மறுபுறம் வெளிவரும் படம் அதே தாளின் பின்பக்கத்திலும் அச்சிடப்பட்டன. வாசகர் பக்கத்தைப் புரட்டும்போது தாளே கண்ணாடியாகிவிடுகிறது. பிற்காலத்து மலிவுப் பதிப்புகள் இந்தப் படங்களை இடம் கிடைத்த இடத்தில் செருகியபோது தொலைந்தது அழகு மட்டுமல்ல. ஒரு கதைச்சம்பவமே தொலைந்துபோயிற்று.

*

இவ்வளவு சிறந்த உரை ஒன்று அமைந்துவிட்டால் அதற்கென்று ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. பரிமேலழகர் வழியாகவே குறளைப் படித்துப் பழகிவிட்டவருக்கு, பரிமேலழகர் எங்கே முடிகிறார், வள்ளுவர் எங்கே தொடங்குகிறார் என்பது சில நேரம் மறந்துபோகும். குறளுக்குப் பதின்மர் உரை உண்டு என்ற செய்திதான் அந்த மயக்கத்திலிருந்து நம்மை மீட்கிறது. டென்னியல் ஆலிஸின் பரிமேலழகர். அவரை மதிப்பதற்கும், அவரோடு ஆலிஸ் முடிந்துவிட்டாள் என்று நம்புவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி 42 ஆண்டுகள் கழிந்து 1907இல் நூலின் பதிப்புரிமை முடிந்தது. அந்த ஆண்டே பல புதிய ஆலிஸ்கள் கடைகளுக்கு வந்தார்கள். அவற்றுள் ஆர்தர் ராக்கமின் 13 வண்ணப் படங்கள் கொண்ட பதிப்பு முதன்மையானது. டென்னியல் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவர் இடத்தில் இன்னொருவர் கைவைப்பதா என்று முகம் சுளித்த விமர்சகர்கள் இருந்தார்கள். முகம் சுளித்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் நமக்கு உடன்பாடில்லை. யாரும் யாருக்கும் வாரிசுரிமை எழுதிவைக்கவில்லை. ராக்கமின் கை அசாதாரணமானது. முறுக்கேறிய மரவேர்கள், பழுப்பேறிய ஒளி, சீமாட்டியின் சமையலறையில் காற்றில் பறந்து நொறுங்கும் தட்டுகள் ஆகியவற்றைக் கண்டு மயங்காதவர் இல்லை. டென்னியலின் அதே சமையலறையில் எல்லோரும் புகைப்படத்துக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள், ராக்கமின் சமையலறையிலோ சத்தம் கேட்கிறது. ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை. ராக்கம் அந்த இடத்தைத் தேவதைக் கதைகளின் காடாக்கிவிடுகிறார். அவரது ஆலிஸ் மென்மையானவள், கனவில் நடப்பவள், அந்தக் காட்டில் வழிதவறியவள். வழிதவறியவளை நாம் காப்பாற்ற நினைப்போம். கரோலின் ஆலிஸை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. ராக்கம் அழகான உரை எழுதினார், ஆனால் வேறொரு நூலுக்கு எழுதினார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்துவந்த பெரிய திருப்பம் 1951இன் வால்ட் டிஸ்னி திரைப்படம். இன்று உலகில் பெரும்பாலோர் ஆலிஸ் என்றதும் நினைப்பது நீல உடை, வெள்ளை மேலாடை, பொன்னிறக் கூந்தல். 1890இல் கரோலின் மேற்பார்வையில் வண்ணம் தீட்டி வெளிவந்த டென்னியல் படங்களில் அவள் உடை மஞ்சள் என்பதை எத்தனைபேர் அறிவார்கள்? நீலம் டிஸ்னிக்கு முன்பும் உண்டு, ஆனால் அதைச் சீருடையாக்கியது திரைப்படமே. படத்தின் சில பின்னணிகளின் வண்ண அமைப்பில் மேரி பிளேரின் கைவண்ணம் தெரியும் இடங்கள் உண்மையிலேயே நன்று. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான மலிவுப் பதிப்புகளின் ஓவியர்கள் கரோலைப் படித்து வரையவில்லை. டிஸ்னியைப் பார்த்து வரைந்தார்கள். டிஸ்னியின் கலைஞர்களோ டென்னியலைப் பார்த்து வரைந்தவர்கள். உரைக்கு உரை, அதற்கும் ஓர் உரை என்று போய்க்கொண்டே இருக்கும்போது மூலம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேய்கிறது. முதலில் தேய்வது ஆலிஸின் புருவத்திலிருக்கும் அந்த எரிச்சல். அதன் இடத்தில் பெரிய கண்களும் திறந்த வாயும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. வாதிடும் சிறுமி வியக்கும் பொம்மையாகிவிடுகிறாள்.

*

ஆனால் மூலத்துக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள். நாம் இந்தக் கட்டுரையை எழுத முற்பட்டதே அவர்களுக்காகத்தான்.

நாவலாசிரியரும் ஓவியருமான மெர்வின் பீக், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஆலிஸுக்கு வரைந்தார். 1945இல் ஒரு பத்திரிகைக்காக பெர்கன்-பெல்சன் வதைமுகாமை நேரில் கண்டு வரைந்து திரும்பியவர் அவர். 1946இல் ஸ்டாக்ஹோமிலிருந்து வெளிவந்த அந்தப் பதிப்பின் நுணுக்கமான பேனாக் கோடுகள் அச்சில் சரியாகப் பதியவில்லை. 2001இல் சீரமைக்கப்பட்டு வந்த பதிப்பில்தான் அவற்றின் முழு வலிமையும் தெரிந்தது. பீக்கின் ஆலிஸ் பொன்னிறப் பதுமை அல்லள். கண்களில் ஒரு தெரிந்த தன்மையுடன், கொஞ்சம் கலைந்தவளாக, தெருவை அறிந்தவளாக இருக்கிறாள். அவளைச் சுற்றியுள்ள மிருகங்கள் நிஜமாகவே புத்தி பேதலித்தவர்கள். போரின் நேரடி நிழல் அதில் விழுந்திருக்கிறது என்று நாம் அடித்துச் சொல்லமாட்டோம். ஆனால் தலையை வெட்டு என்ற ராணியின் கட்டளையை வெறும் நகைச்சுவையாக வரைந்துவிட அந்த ஆண்டுகளில் ஒரு கலைஞனால் முடியாது என்பதை அந்தப் படங்களின் முன்னால் உணர்கிறோம்.

மூமின் கதைகளைப் படைத்த பின்லாந்தின் தூவே யான்சன் 1966இல் சுவீடிய மொழிப் பதிப்புக்கு வரைந்தார். அவரது ஆலிஸ் பரந்த நிலக்காட்சிகளின் நடுவே ஒரு சிறு உருவம். உலகம் பெரிது, நீ சிறிது என்று ஒவ்வொரு படமும் சொல்கிறது. உருவம் மாறிக்கொண்டேயிருக்கும் கதையில் தனிமை என்ற இழையை அவர் தனியே பிரித்தெடுத்திருக்கிறார்.

1967இல் ரால்ஃப் ஸ்டெட்மன் செய்தது நேரெதிர். வெள்ளை முயல் அலுவலகத்துக்கு ஓடும் நகரவாசியானது. மறைந்த பின்னும் சிரிப்பை விட்டுச்செல்லும் செஷயர் பூனை தொலைக்காட்சி அறிவிப்பாளரானது. மை தெறிக்கும் அந்தக் கோடுகளைப் பார்த்து இது அடாவடி என்பவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. டென்னியல் தன் காலத்துப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தின் கோட்டை ஆலிஸுக்குக் கொண்டுவந்தார். ஸ்டெட்மன் தன் காலத்துக் கேலிச்சித்திரத்தின் கோட்டைக் கொண்டுவந்தார். டென்னியலின் ஒரு படத்தைக்கூட நகல் செய்யாமலேயே டென்னியலுக்கு நெருக்கமானவர் ஸ்டெட்மன்தான்.

நம்மை மிகவும் யோசிக்கவைத்தவர் 1982இல் மரச்செதுக்குப் படங்களோடு பெரும் பதிப்பொன்றைக் கொண்டுவந்த அமெரிக்கர் பேரி மோசர். கதை முழுவதும் ஆலிஸின் கனவு. கனவு காண்பவர் தன் முகத்தைத் தானே பார்ப்பதில்லை. ஆகவே கனவுக்குள் ஆலிஸை அவர் வரையவே இல்லை. அவள் தூங்குவதற்கு முன்னும் விழித்த பின்னும் மட்டுமே தெரிகிறாள். இடையில் தொப்பிக்காரனும் சீமாட்டியும் மற்றவர்களும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள், ஏனெனில் நாம் ஆலிஸின் கண்களுக்குள் இருக்கிறோம். நூறாண்டுக்கும் மேலாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையின் கடைசிப் பக்கச் செய்தியை முதல் பக்கத்திலிருந்தே நினைவில் வைத்துப் படித்ததன் விளைவு இந்த எளிய முடிவு. உரை என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த வரிசையில் சல்வதோர் டாலியை எங்கே வைப்பது? 1969இல் அவர் 12 அத்தியாயங்களுக்கு 12 வண்ணப் படங்களும் ஒரு முகப்புப் படமும் செய்தார். ஆலிஸாக அவர் எல்லாப் படங்களிலும் வைப்பது கயிறு தாண்டும் ஒரு சிறுமியின் உருவத்தை. அந்தச் சிறுமி 1930களிலேயே அவருடைய ஓவியங்களில் தோன்றியவள். அதாவது ஆலிஸ் டாலியின் உலகத்துக்குள் வந்து போகிறாள், டாலி ஆலிஸின் உலகத்துக்குள் போகவில்லை. யாயோய் குசாமாவின் புள்ளிகளோடு 2012இல் வந்த பதிப்புக்கும் இதே சொல் பொருந்தும். இவை சுவரில் மாட்டத் தகுந்த கலைப்படைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கனவுத்தன்மையை முன்கூட்டியே வழிய விட்டுவிட்டால் கரோலின் நிதானமான வாக்கியத்துக்கு வேலையில்லாமல் போகிறது. உருகும் கடிகாரம் டாலிக்குச் சரி. தொப்பிக்காரனின் கடிகாரம் உருகக் கூடாது. அது ஒழுங்காக டிக்டிக்கென்று ஓடியபடியே மணியைக் காட்டாமல் நாளை மட்டும் காட்ட வேண்டும். அபத்தம் அங்கேதான் இருக்கிறது.

*

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. டென்னியல் கரோலோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, அவர் ஒப்புதலோடு வரைந்தவர். ஆகவே அவர் படங்கள் உரை அல்ல, மூலத்தின் பகுதியே. பின்வந்தவர்கள் அனைவரும் அழையா விருந்தாளிகள். இந்த வாதத்தின் முதல் பாதியை நாம் பெருமளவு ஏற்கிறோம். இரண்டாம் பாதி சரியல்ல என்பதற்குக் கரோலே சாட்சி. டென்னியல் உயிருள்ள மாதிரியை வைத்து வரைய மறுத்துவிட்டார் என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. கையெழுத்துப் பிரதியில் கரோல் வரைந்த ஆலிஸுக்கு நீண்ட கூந்தல். நிஜ ஆலிஸ் லிடெலுக்கோ நெற்றியில் விழும் கத்தரித்த கருங்கூந்தல். அந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஆலிஸ் லிடெலின் புகைப்படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் அடியில் கரோல் வரைந்த அவளுடைய முகம் ஒளிந்திருந்தது 1977இல்தான் தெரியவந்தது. வரைந்த முகத்தின்மேல் புகைப்படம், கதைக்குள் வேறொரு முகம், அச்சில் டென்னியலின் முகம். ஆலிஸின் முகம் எது என்பதை எழுதியவராலேயே முடிவுசெய்ய இயலவில்லை. முடிவுசெய்யாததனால்தான் மூலத்தில் அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. அந்த வெற்றிடம் ஒரு அழைப்பு.

குழந்தைகளின் பக்கம் நின்று பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1999இல் ஹெலன் ஆக்ஸன்பரி வரைந்த ஆலிஸ் கையில்லாத நீலச் சட்டையும் துணிக்காலணியுமாக, இன்று எந்தப் பூங்காவிலும் ஓடித்திரியக்கூடிய பெண். விக்டோரியா காலத்துக் கஞ்சிபோட்ட பாவாடை இன்றைய குழந்தைக்கு ஒரு தடைச்சுவர். 1865இன் குழந்தைக்கு அது தன் பக்கத்துவீட்டுப் பெண்ணின் உடை. ஆக்ஸன்பரி அந்தச் சுவரை மட்டும் எடுத்தார், ஆலிஸின் சுதந்திரத்தை எடுக்கவில்லை. அந்த ஆண்டின் கேட் கிரீனவே பதக்கம் அவருக்குக் கிடைத்தது பொருத்தமே. உடையை மாற்றுவது துரோகமல்ல. புத்தியை மாற்றுவதே துரோகம்.

ஆகவே நம் அளவுகோல் இதுதான். டென்னியலைப்போல இருக்கிறதா என்று பார்க்கவேண்டாம். டென்னியலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் பார்க்கவேண்டாம். வழக்கு விசாரணைக் காட்சிக்கான படத்தைப் புரட்டி, அங்கே ஆலிஸின் முகத்தைப் பாருங்கள். ராணி கத்துகிறாள், சீட்டுக்கட்டு முழுவதும் அவள்மேல் பறந்துவருகிறது. அந்தக் கணத்தில் அவள் பயந்து ஒடுங்கியிருந்தால் ஓவியர் படிக்கவில்லை. வியந்து நின்றாலும் படிக்கவில்லை. இவர்களுக்கு என்ன தெரியும் என்ற முகத்தோடு அவள் நின்றால், அவள் நீலம் உடுத்தியிருந்தாலும் மஞ்சள் உடுத்தியிருந்தாலும், மைத்தெறிப்பாக இருந்தாலும் மரச்செதுக்காக இருந்தாலும், அது நல்ல உரை.

பதிப்பிப்பவர்களிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். டென்னியல் படங்களின் மூலையில் அவருடைய குறியெழுத்தோடு, செதுக்கிய டால்ஸியெல்லின் பெயரும் சேர்ந்தே இருக்கும். இன்றோ இணையத்திலிருந்து எடுத்த படத்தை வெட்டி, அந்த மூலையையும் சேர்த்து வெட்டி, எந்தப் பக்கத்திலோ ஒட்டி, ஓவியர் பெயரைச் சொல்லாமலேயே வெளிவரும் ஆலிஸ்கள் எந்த மொழியிலும் ஏராளம். ஓவியர் பெயரை அட்டையில் போடுங்கள். படத்தை அது பேசும் வாக்கியத்துக்கு அருகில் வையுங்கள். புதிதாக வரையச் சொல்லும்போது பழைய படத்தின் நகலைக் கொடுக்காமல், கதையின் முழுப்பிரதியைக் கொடுத்துப் படிக்க அவகாசமும் கொடுங்கள்.

வாசகர்களாகிய நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. குழந்தைக்கு ஆலிஸை வாங்கும்போது ஒரு பதிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். முடிந்தால் இரண்டு, குறைந்தது நூலகத்திலிருந்தாவது இன்னொன்று. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு ஓவியர்கள் வரைந்ததை அருகருகே வைத்துப் பார்க்கும் குழந்தை, இதில் எது சரி என்று கேட்கும். பிறகு எழுத்துக்குத் திரும்பிப்போய்த் தானே தேடும். ஒரு நூலை ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் படிக்கலாம் என்பதை ஒரு பிள்ளை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.